விலை கூடிய வயரில் பாட்டு இனிக்குமா?

வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போகும்போது, காயான்கேணியைக் கடந்தால் மாங்கேணி வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்த இடம் இது. 2006இலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரைப் பகுதியில் நடந்த சண்டையில் மக்கள் கையில் அகப்பட்டதை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியேறிய கரையும் இதுதான். திரும்பி வந்தவர்கள் கூரையிலிருந்து கோப்பை வரை எல்லாவற்றையும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. முதலில் பானை சட்டி, பிறகு தையல் இயந்திரம், பிறகு துவிச்சக்கரவண்டி. அந்த வரிசையின் கடைசியில் பல வீடுகளுக்கு ஒரு பாட்டுச் செட்டும் வந்து சேர்ந்தது. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய பெண்கள் கொண்டு வந்தவை சில. தவணை முறையில் எடுத்தவை சில.

இந்தச் செட்டுகளைப் பற்றித்தான் மாங்கேணியில் பெண்களுடன் கூடியிருந்த ஒரு மாலையில் கேள்வி எழுந்தது. குவைத்தில் பல வருடங்கள் உழைத்துவிட்டு வந்த ஒரு சகோதரியின் வீட்டில் ஸ்பீக்கர் வயரை எலி கடித்துவிட்டது. புது வயர் வாங்கப் போன கடையில் அவருக்கு இரண்டு வகை காட்டியிருக்கிறார்கள். ஒன்று சாதாரண இரட்டை வயர். மற்றது கண்ணாடி போன்ற உறையும் பொன்னிற முனையும் உள்ளது, விலை பல மடங்கு.

“மிஸ், நல்ல வயர் போட்டாத்தான் பாட்டு நல்லா வருமாம் எண்டு கடைக்காரத் தம்பி சொல்றாரு. பத்து மீற்றர் வாங்கினா என்ட ஒரு மாசக் கடன் தவணை போயிரும். அவர் சொல்றது உண்மையா?”

பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே, “அந்த நாளையில சைக்கிள் டைனமோவில வயரக் கொழுவி நியூஸ் கேட்டம். அப்ப என்ன பிள்ள, தங்க வயரா போட்டம்?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சிரித்து விட்டுவிடக் கூடியதல்ல. கடை வாசலில் நின்று, “உங்களுக்கு விளங்காது அக்கா, நான் சொல்றதை வாங்குங்க” என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த காசைக் கொடுத்து வந்த அனுபவம் எம்மில் அநேகருக்கு உண்டு. ஆகவே இந்த வயர் விடயத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பாட்டுக் கேட்பது ஆடம்பரமா?

சாப்பாட்டுக்கே கஷ்டப்படும் வீட்டுக்குப் பாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கணவனை இழந்த பெண்ணின் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால், “இவளுக்கென்ன கொண்டாட்டம்?” என்று கதைக்கும் வாய்களும் இன்னும் ஓயவில்லை.

யுத்த காலத்தில் எமது வீடுகளில் ஒலி என்பது உயிர் சம்பந்தப்பட்ட விடயமாக இருந்தது. பி.பி.சி. தமிழோசை 1941இல் தொடங்கி 2017 வரை வானொலியில் ஒலித்தது. அந்தச் சேவையைக் கேட்பதற்காக ஒரு வானொலியைச் சுற்றி அயலே கூடியிருந்த இரவுகளை எமது தாய்மார் மறக்கவில்லை. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடையின் கீழ் வானொலி மின்கலங்களும் அகப்பட்டிருந்தன. பழைய மின்கலங்களை வெயிலில் காய வைத்து மீண்டும் போட்டார்கள். அதுவும் முடிந்த பின் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். சத்தத்தைக் குறைத்து, கதவைச் சாத்தி, காதைப் பெட்டியோடு வைத்துக் கேட்ட தலைமுறை இது.

அப்படிப்பட்ட ஒரு பெண் இன்று தன் உழைப்பில் ஒரு செட் வாங்கி, பின்னேரம் மீன் வெட்டும்போதோ தைக்கும்போதோ பாட்டைத் தெளிவாகக் கேட்க விரும்பினால் அது அவருடைய உரிமை. ஆட்கள் குறைந்துபோன வீட்டில் மாலை நேரத்து அமைதியைத் தாங்குவதற்குப் பாட்டு ஒரு துணை. எனவே “பாட்டு வேண்டாம்” என்பது எமது பதில் அல்ல. பாட்டு நன்றாகக் கேட்க எதற்குச் செலவழிக்க வேண்டும், எதற்குச் செலவழிக்கத் தேவையில்லை என்பதே கேள்வி.

வயருக்குள் என்ன நடக்கிறது?

அம்பிளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் பாட்டு மின்சாரமாகப் போகிறது. ஸ்பீக்கரில் உள்ள சுருளை அந்த மின்சாரம் முன்னும் பின்னும் அசைக்கிறது. சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு காற்றை அசைக்கிறது. அதுவே எமக்குக் கேட்கும் ஒலி. இடையில் உள்ள வயரின் வேலை மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பது மட்டுமே.

கிணற்றிலிருந்து மிளகாய்ப் பாத்திக்குக் குழாய் போட்டு நீர் இறைப்பதை நினைத்துப் பாருங்கள். குழாய் மிக ஒடுக்கமாகவும் மிக நீளமாகவும் இருந்தால் மறுமுனையில் நீர் மெலிந்துதான் வரும். போதிய அகலமான குழாய் போட்டுவிட்டால் நீர் நன்றாக வரும். அதற்கு மேல் குழாயின் நிறத்தையோ விலையையோ கூட்டினால் பாத்தியில் ஒரு சொட்டு நீரும் கூடாது. வயரும் அப்படித்தான். ஒடுக்கமும் நீளமும் கூடும்போது மின்சாரத்துக்குத் தடை கூடுகிறது. இந்தத் தடை “ஓம்” என்ற அலகால் அளக்கப்படுகிறது.

ஸ்பீக்கருக்கும் ஒரு தடை உண்டு. பின்புறத்தில் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்காவின் மக்கின்ரொஷ் நிறுவனத்தில் ஸ்பீக்கர்களை வடிவமைத்த ரொஜர் ரசல் ஓர் எளிய அளவுகோலைத் தந்திருக்கிறார். வயரின் மொத்தத் தடை ஸ்பீக்கரின் தடையில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது அது. அதாவது 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம்.

ஒரு சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்பு வயரின் ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 0.017 ஓம் தடை உண்டு. மின்சாரம் போவதற்கு ஒரு கம்பி, திரும்புவதற்கு ஒரு கம்பி என்பதால் தூரத்தை இரண்டால் பெருக்க வேண்டும். ஸ்பீக்கர் 5 மீற்றர் தள்ளி இருந்தால் கம்பியின் நீளம் 10 மீற்றர். தடை 0.17 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது 2 சதவீதமளவுதான். இதனால் குறையும் ஒலி 0.2 டெசிபலுக்கும் குறைவு. பாட்டுக் கேட்கும்போது அந்த வித்தியாசத்தை எவரும் உணரமாட்டார்.

இந்தக் கணக்கை வைத்து, எந்தத் தடிப்புச் செப்பு வயரை எவ்வளவு தூரம் வரை இழுக்கலாம் என்று கீழே தருகிறோம். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

0.5 சதுர மி.மீ. வயர்: 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5.8 மீற்றர், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.9 மீற்றர்.
0.75 சதுர மி.மீ. வயர்: 8 ஓமுக்கு 8.7 மீற்றர், 4 ஓமுக்கு 4.3 மீற்றர்.
1 சதுர மி.மீ. வயர்: 8 ஓமுக்கு 11.6 மீற்றர், 4 ஓமுக்கு 5.8 மீற்றர்.
1.5 சதுர மி.மீ. வயர்: 8 ஓமுக்கு 17.4 மீற்றர், 4 ஓமுக்கு 8.7 மீற்றர்.
2.5 சதுர மி.மீ. வயர்: 8 ஓமுக்கு 29 மீற்றர், 4 ஓமுக்கு 14.5 மீற்றர்.

எமது வீட்டுத் திட்ட வீடுகளில் மண்டபத்தின் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு 5 மீற்றர் கூட வராது. ஆகவே 1 சதுர மி.மீ. அளவான சாதாரண செப்பு இரட்டை வயர் அநேகமான வீடுகளுக்குத் தாராளம்.

கடையில் வயரைச் சில வேளை இரண்டு எண்களால் சொல்வார்கள். முதல் எண் உள்ளே எத்தனை இழை என்பது, இரண்டாவது எண் ஒரு இழையின் விட்டம். 24/0.20 என்றால் 0.2 மி.மீ. விட்டமுள்ள 24 இழைகள். மொத்தத் தடிப்பு 0.75 சதுர மி.மீ. 40/0.193 என்றால் 1.17 சதுர மி.மீ. இந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள். எண்ணைக் கேட்கும் வாடிக்கையாளரிடம் கடைக்காரரின் பேச்சு மாறுவதைக் காண்பீர்கள்.

கோயில் ஒலிபெருக்கியின் இரகசியம்

“அப்படியென்றால் கோயில் திருவிழாவில் மெல்லிய வயரை அவ்வளவு தூரம் இழுத்துக் கட்டுகிறார்களே, அது எப்படிக் கேட்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அங்கே வேறொரு முறை கையாளப்படுகிறது. அம்பிளிபயரிலிருந்து 100 வோல்ற் என்ற உயர்ந்த அழுத்தத்தில் ஒலியை அனுப்பி, ஒவ்வொரு கூம்பு ஸ்பீக்கரிலும் உள்ள சிறிய மின்மாற்றியால் அதைக் குறைத்துக் கொடுப்பார்கள். 30 வொற் ஒலியை இப்படி அனுப்பும்போது வயரில் ஓடுவது 0.3 அம்பியர் மின்னோட்டம். அதே 30 வொற்றை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேரடியாக அனுப்பினால் ஏறக்குறைய 1.9 அம்பியர் ஓடும். ஓட்டம் குறைந்தால் வயரில் ஏற்படும் இழப்பும் குறையும். மலைநாட்டிலிருந்து மின்சாரத்தை 132,000 வோல்ற்றில் கொண்டு வருவதும் இதே காரணத்துக்காகத்தான்.

திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டும் தொழிலாளி தூரத்தையும் மின்னோட்டத்தையும் பார்த்தே வயரைத் தெரிவு செய்கிறார். விலைச் சீட்டைப் பார்த்து அல்ல. டைனமோவில் வயரைக் கொழுவிக் கேட்ட அம்மாவின் கதையும் இதுவே. சிறிய வானொலிக்குத் தேவையான மின்சாரம் மிகக் கொஞ்சம். அதற்கு அந்த வயர் போதுமாக இருந்தது.

கடையில் சொல்லப்படும் கதைகள்

விலை கூடிய வயரை விற்கும்போது சில காரணங்கள் சொல்லப்படும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“இது ஒட்சிசன் இல்லாத சுத்தமான செம்பு.” மின் வேலைக்குப் பாவிக்கும் சாதாரண செம்பே 99.9 சதவீதம் சுத்தமானது. ஒட்சிசன் நீக்கிய செம்பு மின்சாரத்தைக் கடத்துவதில் அதைவிட ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் திறம். வயரை ஒரு சாண் குறைத்து வெட்டினால் அந்த வித்தியாசம் ஈடாகிவிடும்.

“முனைக்குத் தங்க முலாம் பூசியிருக்கிறது.” தங்கம் செம்பை விட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆனால் அது கறுக்காது, பச்சை பிடிக்காது. கடற்காற்று வீசும் எமது ஊருக்கு இந்தக் குணம் ஓரளவு உதவும். அந்த உதவி முனை துப்புரவாக இருப்பதற்கே. மற்ற முனையைத் துடைத்து வைத்தால் அதே பலன் கிடைக்கும்.

“வயரில் அம்புக்குறி இருக்கிறது, ஒலி இந்தப் பக்கமாகத்தான் போகும்.” ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரம் ஒரு செக்கனில் பல தடவை முன்னும் பின்னும் மாறி ஓடுவது. அதற்கு ஒருவழிப் பாதை கிடையாது.

இவற்றை விடக் கவனிக்க வேண்டிய ஏமாற்று ஒன்றுண்டு. அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செப்புப் பூச்சுப் போட்ட வயர் சந்தையில் செப்பு வயராகவே விலைப்படுகிறது. பார்க்கத் தடிப்பாக இருக்கும். தடை செம்பை விட ஒன்றரை மடங்குக்கு மேல். வளைத்து நிமிர்த்தினால் இழைகள் விரைவில் முறியும். நுனி இழையொன்றைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு அல்ல. கையில் தூக்கினால் பாரமும் குறைவாக இருக்கும். அலுமினிய வயர் வாங்கக் கூடாது என்பதல்ல. அலுமினிய விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

காதும் விலைச் சீட்டும்

“நான் என் காதாலேயே கேட்டேன், விலை கூடிய வயரில் பாட்டு நல்லா இருந்தது” என்று சிலர் சாதிப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மனிதக் காது தனியாகக் கேட்பதில்லை, மனமும் சேர்ந்தே கேட்கிறது. கலிபோர்னியாவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே திராட்சை மதுவை 10 டொலர் என்று ஒரு தடவையும் 90 டொலர் என்று மறுதடவையும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டொலர் என்று சொன்னபோது அது சுவையாக இருந்ததாகக் குடித்தவர்கள் கூறினார்கள். அவர்களது மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாக இயங்கியது பதிவானது. விலையே சுவையைக் கூட்டியிருக்கிறது.

வயருக்கும் இப்படிப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் மேலை நாடுகளிலும் விளக்குக்குப் போடும் சாதாரண இரட்டை வயரைத்தான் ஸ்பீக்கருக்கும் பாவித்தார்கள். 1979இல் நோயல் லீ என்பவர் அமெரிக்காவில் மொன்ஸ்டர் கேபிள் நிறுவனத்தைத் தொடங்கி, தடித்த ஸ்பீக்கர் வயரைத் தனிப் பண்டமாக விற்கத் தொடங்கினார். 1983 ஓகஸ்ட்டில் ‘ஸ்டீரியோ ரிவியூ’ என்ற சஞ்சிகை, எந்த வயர் பூட்டியிருக்கிறது என்று சொல்லாமல் ஆட்களுக்குக் கேட்கக் கொடுத்து முடிவை வெளியிட்டது. நூல் போன்ற மிக மெல்லிய வயரை, ஒரே சீரான இரைச்சல் ஒலியைப் போட்டபோது கேட்டவர்கள் வேறுபடுத்தினார்கள். போதிய தடிப்புள்ள சாதாரண வயரையும் விலை கூடிய வயரையும், ஒலியின் அளவைச் சமப்படுத்தியபின் நம்பகமாக வேறுபடுத்த முடியவில்லை. மேலே நாம் போட்ட கணக்கும் இதையே சொல்கிறது.

2007இல் இன்னொரு சம்பவம் நடந்தது. 12 அடி நீளமான ஒரு சோடி ஸ்பீக்கர் வயர் 7,250 டொலருக்கு விற்கப்பட்டது. மோசடிகளை அம்பலப்படுத்துவதில் பெயர்பெற்ற மந்திரவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, இந்த வயருக்கும் சாதாரண நல்ல வயருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பாராமல் காதால் மட்டும் கண்டுபிடித்தால் பத்து இலட்சம் டொலர் தருவதாக அறிவித்தார். பிரபல ஒலி விமர்சகர் ஒருவர் சவாலை ஏற்றார். வயரைத் தர இருந்த நிறுவனம் பின்வாங்கியது. பரீட்சை நடக்கவேயில்லை. ராண்டியின் அந்தப் பரிசுத் திட்டம் 2015இல் முடியும்வரை எவரும் அந்தப் பணத்தைப் பெறவில்லை.

இந்தப் பரீட்சையை மாதர் சங்கக் கட்டடத்திலேயே செய்து பார்க்கலாம். ஒருவர் திரைக்குப் பின்னால் இருக்கட்டும். காசைச் சுண்டி, தலை விழுந்தால் ஒரு வயர், பூ விழுந்தால் மற்ற வயர் என்று பூட்டி, அதே பாட்டை அதே சத்தத்தில் போடட்டும். ஒவ்வொரு தடவையும் செட்டை நிறுத்திய பிறகே வயரை மாற்ற வேண்டும். வெளியே இருப்பவர் எந்த வயர் என்று எழுதட்டும். இப்படிப் பத்துத் தடவை. குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்தளவு சரியாக வரும். பத்தும் அதிர்ஷ்டத்தால் சரியாக வருவதற்கு 1,024இல் ஒரு வாய்ப்புத்தான். எனவே ஒன்பதோ பத்தோ சரியாக வந்தால், காது உண்மையாகவே வித்தியாசத்தைப் பிடித்திருக்கிறது என்று நம்பலாம். சத்தத்தின் அளவு மாறக் கூடாது என்பது முக்கியம். சற்றுக் கூடிய சத்தம் எவருக்கும் ‘நல்ல சத்தமாக’வே படும். விற்பனைக் கூடங்களில் நடக்கும் சூட்சுமமும் அதுவே.

செலவில்லாமல் சத்தத்தைத் திருத்தலாம்

பாட்டு உண்மையிலேயே சரியில்லை என்றால் வயரை மாற்றுவதற்கு முன் பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

முதலாவது, முனைகள். கடலோரத்தில் வயர் நுனி சில மாதங்களில் கறுத்துப் பச்சை பிடித்துவிடும். கரகரப்பும், இடையிடையே சத்தம் நின்று வருவதும் பெரும்பாலும் இதனால்தான். செட்டின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பழுதான நுனியை வெட்டி, புது நுனியை உரித்து, இழைகளை நன்றாக முறுக்கி இறுக்கமாகப் பூட்டுங்கள். ஓர் இழை கூட மற்றக் கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால் அம்பிளிபயரே எரிந்துபோகலாம்.

இரண்டாவது, கூட்டல் கழித்தல். இரண்டு ஸ்பீக்கர்களிலும் கூட்டல் முனை கூட்டலுக்கும் கழித்தல் முனை கழித்தலுக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். வயரின் ஒரு பக்கத்தில் கோடோ நிறமோ இருப்பது இதற்காகத்தான். ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். மேளச் சத்தம் மெலிந்து, பாடகரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும். இதைத் திருத்த ஒரு சதமும் செலவில்லை. விலை கூடிய வயரை மாற்றியபின் “சத்தம் திருந்திவிட்டது” என்று சிலர் சொல்வதற்குக் காரணம், புதிதாகப் பூட்டும்போது இந்தப் பிழைகள் தாமாகத் திருந்தியதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, ஸ்பீக்கர் வைக்கும் இடம். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி கூடிக் குமுறும். நிலத்தில் வைத்தால் சொற்கள் தெளிவாகக் கேளாது. உட்கார்ந்திருக்கும்போது காது இருக்கும் உயரத்தில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டையும் உங்களை நோக்கித் திருப்பி வையுங்கள். வெறும் சீமெந்துச் சுவர் எதிரொலிக்கும். எதிர்ச் சுவரில் பழைய சேலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் அது குறையும். தகரக் கூரையோ கண்ணாடி அலுமாரியோ சேர்ந்து அதிர்ந்தால் ஆணியை இறுக்குங்கள், கண்ணாடிக்கு இடையில் துணியைச் செருகுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். மின்சாரத்துக்குப் பாவிக்கும் தடித்த இரட்டை வயரை ஸ்பீக்கருக்குப் பாவிக்கலாம், தவறில்லை. ஆனால் ஸ்பீக்கருக்கு வாங்கிய மெல்லிய வயரை ஒருபோதும் மின்சார இணைப்புக்குப் பாவிக்காதீர்கள். அது சூடாகித் தீப்பற்றும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

வயரில் தொடங்கிக் கடனில் முடியும் கதை

அமெரிக்க சமூகவியலாளர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899இல் எழுதிய நூலில், மனிதர் சில பொருட்களை அவற்றின் பயனுக்காக அன்றி, விலை கூடியவை என்பதற்காகவே வாங்குகிறார்கள் என்று விளக்கினார். பொருள் மற்றவர்களின் கண்ணில் மதிப்பைத் தேடித் தருகிறது. எமது ஊருக்கு இது புதிதல்ல. எல்லாவற்றையும் இழந்து நலன்புரி முகாமில் வரிசையில் நின்றவருக்கு, “எனக்கும் நல்லது வாங்க முடியும்” என்று காட்டும் ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையை நாம் கேலி செய்ய முடியாது. அதை அறிந்து வைத்துக்கொண்டே சந்தை எம்மை நெருங்குகிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

நுண்கடன் எமது பெண்களை எந்த நிலைக்குக் கொண்டு வந்தது என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்றுத் திருப்பிச் செலுத்த முடியாமல் போன ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய முன்வர வேண்டியிருந்தது. மட்டக்களப்பும் அவற்றுள் ஒன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி விழுந்து, இறக்குமதிப் பொருட்களின் விலை எல்லாம் ஏறியது. வயரும் அதில் அடக்கம். இந்த நிலையில், தேவையில்லாத ஒரு பொருளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாவும் வட்டியோடு திரும்பி வந்து எமது கதவைத் தட்டும்.

வயர் ஒரு சிறிய பொருள்தான். ஆனால் இதே பேச்சு தண்ணீர் வடிகட்டிக்கும், சத்துமாவுக்கும், கைத்தொலைபேசிக்கும், பிள்ளைகளின் வகுப்புக்கும் பேசப்படுகிறது. “விலை கூடியது என்றால் நல்லது, உங்களுக்கு விளங்காது” என்பதே எங்கும் சாரம். அந்த இடத்தில் நாம் கேட்கக் கூடிய கேள்விகள் மூன்று. இந்தப் பொருள் செய்கிற வேலை என்ன? அந்த வேலைக்கு எவ்வளவு போதும்? விலையை மறைத்துவிட்டுப் பரீட்சித்தால் வித்தியாசம் தெரியுமா? இந்த மூன்றையும் கேட்பதற்குப் பட்டப்படிப்புத் தேவையில்லை.

மாங்கேணிச் சகோதரியின் கேள்விக்கான பதில் இதுதான். அவருடைய செட் 4 ஓம் என்றாலும், மூன்று நான்கு மீற்றர் தூரத்துக்கு 1 சதுர மில்லிமீற்றர் சாதாரண செப்பு வயர் போதும். வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். எலி கடிக்காமல் நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரோடு ஆணி அடித்துக் கொண்டு போக வேண்டும். மிச்சப்படும் காசில் அந்த மாதத் தவணையைக் கட்டலாம். அதன்பிறகு அவர் கதவைச் சாத்தாமல், அயலார் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காமல், தனக்குப் பிடித்த பாட்டைப் போட்டுக் கேட்கட்டும்.